பரிந்துரைக் கடிதம் கேட்க மகள் தயங்குகிறாள், நானே ஆசிரியருக்கு எழுதலாமா?

எடிசன் அம்மா:

வணக்கம். நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். மகள் பொதுப்பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், வரும் ஆகஸ்டிலிருந்து கல்லூரி விண்ணப்ப வேலை தொடங்க வேண்டும். அவள் மனதில் இருப்பது கார்னெல், எம்.ஐ.டி., பெர்க்லி, அப்புறம் எங்கள் மாநிலத்துக்குள்ளேயே ஒன்றிரண்டு. கார்னெலும் எம்.ஐ.டி.யும் இரண்டு ஆசிரியர்களிடமிருந்து கடிதம் கேட்கின்றன. பள்ளியில் மாணவர்களுக்கு வழிகாட்டும் கவுன்சிலரின் கடிதம் தனி, அதைப் பள்ளியே அனுப்பிவிடும் என்றார்கள். எங்களுக்குப் பிரச்சினை ஆசிரியர் கடிதத்தில்தான்.

இவள் வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். மதிப்பெண் நன்றாக வரும், வீட்டுப்பாடம் ஒழுங்காகப் போகும், ஆனால் கையைத் தூக்கிப் பேசுகிற பிள்ளை இல்லை. ஏ.பி. (பள்ளியிலேயே கல்லூரி அளவில் நடத்தும் பாடம்) கெமிஸ்ட்ரியில் ஏ வாங்குகிறாள், ஆனால் அந்த ஆசிரியருக்கு இவள் பெயர் தாண்டி வேறு எதுவும் தெரியுமா என்பது சந்தேகம். அமெரிக்க வரலாறு வகுப்பில் பி பிளஸ்தான். ஆனால் அந்த ஆசிரியையிடம் மட்டும் கட்டுரையை எடுத்துக்கொண்டு போய், இந்த வாதம் ஏன் நிற்கவில்லை, இன்னொரு தடவை எழுதித் தரட்டுமா என்று கேட்டுக்கொண்டிருப்பாள். அதுவும் பள்ளி முடிந்து எல்லோரும் போன பிறகுதான். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு ஆசிரியருக்கும் இவள் மீது ரொம்பப் பிரியம், இன்னும் வழியில் பார்த்தால் நின்று பேசுவார்.

கணவர், ஏ கொடுத்தவரிடம்தான் கேட்க வேண்டும், பி பிளஸ் கொடுத்தவரிடம் போய்க் கேட்பது எப்படி என்கிறார். அவருடைய நண்பர் ஒருவர் இங்கே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், அவரிடமும் ஒரு கடிதம் வாங்கிவிடலாம் என்பது அவர் யோசனை. மகளோ யாரிடமும் கேட்கவே பயப்படுகிறாள். "அவர்கள் மாட்டேன் என்று சொல்லிவிட்டால் மீதி வருஷம் அந்த வகுப்பில் எப்படி உட்காருவது" என்கிறாள். நான் ஆசிரியருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதி, இவள் கொஞ்சம் கூச்ச சுபாவம், தயவுசெய்து எழுதித் தர முடியுமா என்று கேட்டுவிடட்டுமா? அது தவறாகத் தெரியுமா? எப்போது கேட்பது? ஏதாவது பரிசு கொடுக்க வேண்டுமா? நானும் கணவரும் ஊரில் படித்தவர்கள், எங்கள் காலத்தில் கல்லூரி சேர இப்படி ஒன்று இருந்ததே இல்லை. தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

டெக்சாஸ் கெமிஸ்ட்ரி வாத்தியார்:

நான் இங்கே ஒரு பொதுப்பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன், ஒவ்வொரு கோடையிலும் இந்தக் கடிதங்கள் எழுதுகிறவன். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

நீங்கள் எழுத வேண்டாம் அம்மா. உங்கள் மின்னஞ்சலை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பதிலும் மரியாதையாகத்தான் வரும். ஆனால் பல கல்லூரிகளுக்கும் ஒரே இடத்தில் விண்ணப்பிக்கிற காமன் ஆப்பில் எங்களுக்கு வரும் படிவத்தில் கடிதம் மட்டும் கிடையாது, ஒரு அட்டவணையும் உண்டு. படிப்பு, எழுத்து, வகுப்பில் பேச்சு, முதிர்ச்சி, தன்னம்பிக்கை, தானாக முன்வந்து செய்வது, தோல்வி வந்தால் எப்படி எடுத்துக்கொள்கிறாள், அடுத்தவர் மீது அக்கறை என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பிட வேண்டும். சராசரிக்குக் கீழே என்பதில் தொடங்கி, முதல் 10 சதவீதம், முதல் 5 சதவீதம், என் அனுபவத்தில் பார்த்த முதல் 1 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகும். சொல்ல அடிப்படை இல்லை என்றும் ஒரு கட்டம் உண்டு. அம்மா வந்து கேட்ட பிள்ளைக்குத் தானாக முன்வருவது என்ற கட்டத்தில் நான் என்ன போடுவேன், நீங்களே சொல்லுங்கள். பயந்துகொண்டே வந்தாலும் அவளே வந்து நின்றால் அந்த ஒரு நிமிஷமே எனக்கு அவளைப் பற்றி ஏதோ சொல்லிவிடும்.

யாரிடம் கேட்பது என்பதில் உங்கள் வீட்டு வாக்குவாதத்துக்கு என் தீர்ப்பு வரலாறு ஆசிரியை பக்கம். மதிப்பெண் எப்படியும் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது பள்ளி அனுப்பும் மதிப்பெண் பட்டியலில், போகிறது. ஏ வாங்கினாள் என்று நான் ஒரு பக்கம் எழுதினாலும் கல்லூரிக்குப் புதிதாக எதுவும் கிடைக்காது. அவர்கள் தேடுவது மதிப்பெண்ணில் தெரியாத விஷயத்தை.

உதாரணம் ஒன்று சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி. டைட்ரேஷன், அதாவது ஒரு கரைசல் எவ்வளவு தேவை என்று சொட்டுச் சொட்டாக அளக்கும் செய்முறை நடந்தது. ஒரு மாணவிக்கு மூன்று அளவுகளில் முதல் அளவு மட்டும் மற்ற இரண்டைவிடக் கூடுதலாக வந்தது. பக்கத்து மேசையிலும் கிட்டத்தட்ட இதே கதைதான், அவர்கள் மூன்றையும் கூட்டிச் சராசரி போட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். இவள் மணி அடித்த பிறகும் நின்றாள். பியூரெட் என்கிற அளவுக் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, திருகுக்குக் கீழே நுனியில் காற்றுக்குமிழ் இருந்திருக்க வேண்டும், முதல் தடவை திறந்தபோது அது வெளியேறி அந்த இடத்தைக் கரைசல் நிரப்பியிருக்கிறது, அதனால்தான் அளவு கூடியிருக்கிறது என்று தானே யோசித்துச் சொன்னாள். பிறகு நுனி வரை நிரப்பிக் குமிழை வெளியேற்றிவிட்டு மறுபடி செய்தாள். அறிக்கையில் முதல் அளவை ஏன் விட்டுவிட்டேன் என்று நாலு வரி எழுதியிருந்தாள். அவளும் வகுப்பில் பேசாத பிள்ளைதான், என் பாடத்தில் பி பிளஸில் முடித்தவள்தான். அவளுக்கு எழுதிய கடிதம் நான் எழுதியவற்றிலேயே நல்ல கடிதம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் எழுத எனக்கு விஷயம் இருந்தது.

பேசாத பிள்ளையை நாங்கள் கவனிப்பதில்லை என்று நினைக்காதீர்கள். எப்போதும் கையைத் தூக்குகிறவர்கள் முதலில் கண்ணில் படுவார்கள், உண்மைதான். ஆனால் தாள் திருத்தும்போது எல்லோரும் ஒன்றுதான். ஒரே கட்டுரையைத் திருப்பித் திருப்பி எழுதிக்கொண்டு வருகிற பிள்ளையை எந்த வரலாறு ஆசிரியையும் மறக்க மாட்டார்.

எப்போது கேட்பது: ஏ.பி. தேர்வுகள் மே மாதம் முதல் இரண்டு வாரம் நடக்கும், அது முடியட்டும். முடிந்த கையோடு கேட்டுவிட வேண்டும். எங்கள் பக்கம் மே கடைசியிலேயே பள்ளி மூடிவிடும், உங்களுக்கு ஜூன் கடைசி வரை ஓடும் என்பதால் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது, ஆனாலும் தள்ளிப்போட வேண்டாம். ஜூனியர், அதாவது பதினொன்றாம் வகுப்பு ஆசிரியர்களிடம்தான் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். நான் ஒரு கடிதத்துக்கு இரண்டு மணி நேரமாவது உட்காருகிறேன், அதற்குத் தனியாகச் சம்பளம் கிடையாது, அதனால் ஒரு எண்ணிக்கைக்கு மேல் ஒத்துக்கொள்வதில்லை. என்னைப் போல நிறைய பேர். செப்டம்பரில் வந்து கேட்டு, நவம்பர் 1 எர்லி கெடு, அதாவது முன்கூட்டியே விண்ணப்பிக்கும் கடைசித் தேதி, என்று சொல்கிற பிள்ளைகளைத் திருப்பி அனுப்பவும் மனசு வராது, நன்றாக எழுதவும் நேரம் இருக்காது.

கேட்கும்போது "எனக்கு எழுதித் தருவீர்களா" என்று மட்டும் கேட்காமல், "என்னைப் பற்றி நல்லபடியாக எழுதும் அளவுக்கு உங்களுக்கு என்னைத் தெரியும் என்று நினைக்கிறீர்களா" என்று கேட்கச் சொல்லுங்கள். முடியாது என்று நினைக்கிற ஆசிரியருக்கு முகம் கோணாமல் விலக ஒரு வழி கிடைக்கும். உங்கள் மகள் பயப்படுகிற சங்கடம் இரண்டு பக்கமும் இல்லாமல் போகும். ஒருவர் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம், நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போகட்டும். அரை மனதோடு எழுதிய கடிதம் படிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

பேராசிரியர் நண்பரை விட்டுவிடுங்கள். அவர் உங்கள் மகளுக்குப் பாடம் நடத்தியவரும் இல்லை, அவளோடு சேர்ந்து வேலை செய்தவரும் இல்லை. ஊரில் எம்.எல்.ஏ. லெட்டர்பேடில் வாங்கிக்கொண்டு போவது போல இங்கே பெரிய பதவிக்காரர் கையெழுத்தால் கதவு திறக்காது. ஒரு கோடை முழுக்க அவருடைய ஆய்வகத்தில் வேலை பார்த்திருந்தால் அது வேறு விஷயம்.

எடிசன் அம்மா:

ரொம்ப நன்றி சார், கணவருக்கும் படித்துக் காட்டினேன். பி பிளஸ் பற்றி அவருக்கு இன்னும் முழுசாகத் திருப்தி இல்லை, ஆனால் அந்தக் காற்றுக்குமிழ் கதையைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இரண்டு சந்தேகம். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு ஆசிரியரிடம் கேட்கலாமா? அப்புறம் ஃபெர்பா என்று ஒரு பெட்டி இருக்கிறதாம், அதில் டிக் போட்டால் கடிதத்தை நாங்கள் பார்க்கவே முடியாது என்று ஒரு தோழி சொன்னாள். பார்க்காமல் எப்படி நம்பி அனுப்புவது என்று பயமாக இருக்கிறது. பள்ளியிலிருந்து பெற்றோருக்கு என்று ஒரு கேள்வித்தாளும் வந்திருக்கிறது, அதில் என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை.

ஃப்ரீமான்ட் அப்பா:

எங்கள் பையன் இதெல்லாம் முடித்து இப்போது கல்லூரியில் இருக்கிறான், அடுத்தவள் பத்தாம் வகுப்பு. தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பெர்க்லி விஷயம். பெர்க்லி சேர்ந்த யு.சி., அதாவது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் விண்ணப்பமே தனி, காமன் ஆப்பில் வராது, விண்ணப்பத்தோடு ஆசிரியர் கடிதமும் கேட்பதில்லை. பெர்க்லி மட்டும் சிலரைத் தேர்ந்தெடுத்துப் பின்னால் கடிதம் அனுப்பச் சொல்லிக் கேட்பது உண்டு, வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். எம்.ஐ.டி.யும் தன் சொந்த விண்ணப்பத்தைத்தான் வைத்திருக்கிறது. அங்கே ஒரு கடிதம் கணக்கு அல்லது அறிவியல் ஆசிரியரிடமிருந்தும், இன்னொன்று மொழி, வரலாறு மாதிரிப் பாடம் நடத்துகிறவரிடமிருந்தும் வர வேண்டும். கால்டெக்கும் அப்படித்தான் பிரித்துக் கேட்கிறது. ஆகவே வரலாறு ஆசிரியை ஒருவர், கணக்கு அல்லது அறிவியலில் ஒருவர் என்று வைத்துக்கொண்டால் எல்லா இடத்துக்கும் அதே இரண்டு பேர் போதும். காமன் ஆப்பில் ஆசிரியர் ஒரு தடவை கடிதத்தை ஏற்றினால் போதும், நீங்கள் அவர் பெயரைச் சேர்க்கிற எல்லாக் கல்லூரிக்கும் அதுவே போகும். அதனால் கடிதத்தில் ஒரு கல்லூரியின் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்பதை ஆசிரியர்களே தெரிந்து வைத்திருப்பார்கள்.

ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் வேண்டாம் என்பேன். எவ்வளவு பிரியம் இருந்தாலும் அவர் பார்த்தது பதினாலு வயசுப் பிள்ளையை. பதினொன்றில் நடத்தியவர் முதல் தேர்வு, இல்லாவிட்டால் பன்னிரண்டில் ஆரம்பத்திலேயே நன்றாகப் பழகியவர். ஒன்பதிலும் பதினொன்றிலும் இரண்டு தடவை நடத்தியவராக இருந்தால் மட்டும் தாராளமாகக் கேட்கலாம், அவருக்கு வளர்ச்சியைச் சொல்ல முடியும்.

ஃபெர்பா என்பது 1974இல் வந்த கல்விப் பதிவுச் சட்டம். கல்லூரியில் சேர்ந்த பிறகு தன் கோப்பைப் பார்க்க மாணவருக்கு அது உரிமை கொடுக்கிறது. அந்த உரிமையை, கடிதங்களைப் பொறுத்தவரை, விட்டுக்கொடுக்கிறேன் என்று சொல்வதுதான் அந்தப் பெட்டி. விட்டுக்கொடுத்துவிடுங்கள். மாணவர் பார்க்க மாட்டார் என்று தெரிந்தால்தான் கல்லூரி அந்தக் கடிதத்தை நம்பிப் படிக்கும். விட்டுக்கொடுக்காவிட்டால் எழுத மாட்டேன் என்கிற ஆசிரியர்களும் உண்டு. டிக் போடுவது மகள், நீங்கள் இல்லை. ஆகஸ்ட் 1 அன்று புது ஆண்டுக்கான காமன் ஆப் திறக்கும், அதற்குப் பிறகுதான் ஆசிரியர் பெயர், மின்னஞ்சல் எல்லாம் சேர்க்க வேண்டும். முன்னாலேயே கணக்கு திறந்து சேர்த்து வைத்தால் அந்தப் பகுதி அடுத்த ஆண்டுக்கு வராது. பல பள்ளிகளில் நாவியன்ஸ், ஸ்காய்ர் என்று வேறு மென்பொருள் வழியாக அனுப்புவார்கள், உங்கள் பள்ளியில் எது என்று கவுன்சிலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரண்டு இடத்திலும் அழைப்பு அனுப்பிக் குழப்பம் ஆகிவிடும்.

இனி அந்தப் பெற்றோர் கேள்வித்தாள். ஆசிரியருக்கு எழுதலாமா என்று கேட்டீர்களே, நீங்கள் எழுத வேண்டிய இடம் இதுதான், தயவுசெய்து முழு மனதோடு உட்கார்ந்து எழுதுங்கள். கவுன்சிலருக்கு 250 மாணவர் என்பது இங்கே அவர்களுடைய சங்கம் பரிந்துரைக்கிற அளவு, பெரும்பாலான மாநிலங்களில் அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கிறது. அவரால் உங்கள் மகளைத் தனியாகத் தெரிந்து வைத்திருக்க முடியாது. உங்கள் தாளிலிருந்துதான் எடுத்து எழுதுவார்.

நம்மவர்கள் அதில் "கடின உழைப்பாளி, ஒழுக்கமான பிள்ளை, பெரியவர்களை மதிப்பாள்" என்று எழுதிவிட்டு வந்துவிடுகிறோம். அதில் எந்த வரியையும் கவுன்சிலரால் எடுத்துப் பயன்படுத்த முடியாது. எங்கள் வீட்டில் முதல் வரைவு அப்படித்தான் வந்தது, மனைவிதான் அதை வாங்கி வைத்துவிட்டு வேறு எழுதினாள். என் மாமியார் எங்களோடு இருந்தார், சர்க்கரை வியாதி, ஆங்கிலம் தெரியாது. பையன்தான் மருந்துக்கடைக்குப் போன் போட்டு, இன்சூரன்ஸ் எண் சொல்லி, ரீஃபில் எப்போது என்று கேட்டு, பாட்டிக்கு விளக்குவான். மருந்துப் பெட்டியில் காலை, மதியம், இரவு என்று தமிழில் எழுதி ஒட்டியிருந்தான். ஒருநாள் மாத்திரையின் நிறம் மாறி வந்தபோது பாட்டி சாப்பிட மாட்டேன் என்று வைத்துவிட்டார். இவன் கடைக்கு அழைத்து, அதே மருந்து, கம்பெனிதான் வேறு என்று உறுதிசெய்துகொண்ட பிறகுதான் கொடுத்தான். இதைத்தான் மனைவி எழுதினாள், ஆங்கிலம்கூட ரொம்பச் சாதாரணம். கவுன்சிலர் அவனைக் கூப்பிட்டு அதைப் பற்றிக் கேட்டார். பையனுக்கு அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றியிருக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் கண்டிப்பாக இப்படி ஏதாவது இருக்கும். வகுப்பில் பேசாத பிள்ளை வீட்டில் என்ன செய்கிறாள் என்று உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

அட்லான்டா மாணவி:

ஆன்ட்டி, நான் எட்டாவது முடித்துக் கோயம்புத்தூரிலிருந்து இங்கே வந்தவள், இப்போது கல்லூரி இரண்டாம் வருஷம். உங்கள் மகள் மாதிரியேதான் நானும். அங்கே ஆசிரியர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று வளர்ந்துவிட்டு, இங்கே வகுப்பில் பேசுவதற்கே மதிப்பெண் என்றால் உடம்பு கூசும். அதனால் அவளுடைய பயம் எனக்குத் தெரியும்.

அவளிடம் இதைச் சொல்லுங்கள்: வகுப்பு முடிகிற நேரத்தில் போக வேண்டாம், அப்போது நாலு பேர் மேசையைச் சுற்றி நிற்பார்கள். முந்தின நாளே "நாளைக்குப் பள்ளி முடிந்து ஒரு விஷயம் பேச வேண்டும், அஞ்சு நிமிஷம் இருப்பீர்களா" என்று ஒரு சின்ன மின்னஞ்சல், அவள் பெயரில், அவளே எழுதி. ஆசிரியைக்கு எதற்கு என்று அப்போதே தெரிந்துவிடும், மே மாதத்தில் ஜூனியர் வந்து பேச வேண்டும் என்றால் வேறு என்ன இருக்கும். போகும்போது வெறுங்கையோடு போக வேண்டாம், அந்த வகுப்பில் எழுதிய கட்டுரை ஒன்று, ஆசிரியையின் சிவப்பு மை குறிப்போடு எடுத்துக்கொண்டு போகட்டும். பேச்சு வராவிட்டாலும் அந்தத் தாளைக் காட்டிப் பேச ஆரம்பிக்கலாம். எனக்கு ஆங்கில ஆசிரியையிடம் அப்படித்தான் பேச முடிந்தது.

ஒத்துக்கொண்ட பிறகு பிராக் ஷீட் என்று ஒன்று கேட்பார்கள். பரிசு, கிளப், மதிப்பெண் எல்லாவற்றையும் அதில் அடுக்குவார்கள், அது கவுன்சிலருக்குச் சரி. ஆசிரியருக்கு அந்த வகுப்பைப் பற்றி மட்டும் எழுதிக் கொடுப்பது நல்லது: எந்தப் பாடம் பிடித்தது, எங்கே தடுக்கி விழுந்தேன், எந்த வேலைக்காக ரொம்ப நேரம் உட்கார்ந்தேன், நீங்கள் சொன்ன எது மனசில் நின்றது. ஒரு பக்கம் போதும். ஆசிரியருக்கு மறந்துபோனதெல்லாம் அதைப் படித்தால் ஞாபகம் வரும். கெடு தேதிகளையும் கல்லூரிப் பெயர்களையும் தனியாக ஒரு தாளில் கொடுக்கட்டும், முதல் கெடு எது என்று மேலே பெரிதாக எழுதி. அக்டோபர் நடுவில் ஒரு தடவை மென்மையாக நினைவூட்டலாம்.

பரிசு முன்னால் வேண்டவே வேண்டாம், சங்கடமாகிவிடும். அனுப்பி முடித்த பிறகு கையால் எழுதிய நன்றி அட்டை. அப்புறம் மார்ச்சில், ஏப்ரலில் முடிவு வரும்போது, கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், போய்ச் சொல்ல வேண்டும். நிறைய பேர் அதோடு மறந்துவிடுகிறார்கள். என் ஆசிரியை எங்கே சேர்கிறாய் என்று கேட்டுவிட்டு முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

சென்னை பிளஸ் டூ:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் சென்னையில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. உதவித்தொகை கிடைக்கும் என்று சில அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறேன். எங்கள் பள்ளியில் கவுன்சிலர் என்று யாரும் இல்லை. இயற்பியல் சாரிடம் கேட்டேன், நல்லவர், உடனே சரி என்றார், ஆனால் "நீயே எழுதிக்கொண்டு வா, நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்கிறார். சீனியர் அண்ணன்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்களாம். இதை எப்படிச் சமாளிப்பது சார்?

டெக்சாஸ் கெமிஸ்ட்ரி வாத்தியார்:

தம்பி, உன் சாரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு வகுப்பில் ஐம்பது பிள்ளைகள், திருத்த மலை மாதிரித் தாள், நடுவில் இந்த ஆங்கிலக் கடிதம் அவருக்குப் பழக்கமில்லாத வேலை. ஆனால் நீ எழுதிக் கொடுக்காதே. கடிதம் எழுதியவர் ஆசிரியர் என்று நம்பித்தான் கல்லூரி படிக்கிறது, நீ எழுதி அவர் பெயரில் போனால் அது பொய், தெரியவந்தால் விண்ணப்பமே போகும். அது போக, பதினேழு வயசுப் பிள்ளை தன்னைத் தானே புகழ்ந்து எழுதினால் எப்படியும் ஒரு செயற்கை வந்துவிடும். இரண்டு பாடத்துக்கும் நீயே எழுதினால் இரண்டும் ஒரே குரலில் இருக்கும். இதையே வருஷம் முழுக்கப் படிக்கிறவர்களுக்கு அது தெரியாமல் போகாது.

இப்படிச் செய். அவரிடம் போய், "சார், கடிதம் நீங்கள்தான் ஏற்ற வேண்டும், உங்கள் மின்னஞ்சலுக்கு ஒரு இணைப்பு வரும், என்னால் அதைத் திறக்க முடியாது" என்று சொல். அது உண்மைதான். பிறகு கடிதத்துக்குப் பதிலாக ஒரு பக்கக் குறிப்பு கொடு. மேலே அந்தப் பெண் சொன்ன மாதிரிதான், உன் வகுப்பில் நடந்தவை மட்டும். லென்ஸ் செய்முறையில் குவியத் தூரம் வராமல் திணறியது, போர்டில் அவர் போட்ட கணக்கில் நீ ஒரு சந்தேகம் கேட்டது, ஜூனியர் பிள்ளைகளுக்கு நீ சொல்லிக் கொடுத்தது, எது நடந்ததோ அது. அதைப் பார்த்து அவர் தன் சொல்லில் எழுதட்டும். ஆங்கிலம் எளிமையாக இருந்தால் போதும் என்று தைரியம் சொல். இந்தியாவிலிருந்து வருகிற கடிதம் அலங்காரமாக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. முடிந்தால் பள்ளி மின்னஞ்சல் முகவரியைப் பயன்படுத்தச் சொல், ஜிமெயிலைவிட அது நம்பிக்கையாகத் தெரியும்.

கவுன்சிலர் இல்லாவிட்டால் அந்த வேலையைப் பிரின்சிபால், வைஸ் பிரின்சிபால் யாராவது செய்யலாம், பதவிப் பெயர் முக்கியமில்லை. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மார்க் ஷீட், பள்ளியைப் பற்றி ஒரு சிறு குறிப்பு, இத்தனையும் அவர் பக்கத்திலிருந்துதான் போக வேண்டும். ஒரே ஆள் இரண்டு வேலையும் செய்ய வேண்டாம், உனக்குப் பாடம் எடுக்காத ஒருவர் பள்ளிப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். நவம்பர் 1 கெடு உங்களுக்குத் தீபாவளி லீவு பக்கத்தில் வந்து மாட்டும், ஆகஸ்டிலேயே அவர்கள் கையில் எல்லாம் இருக்கும்படி பார்த்துக்கொள்.

சென்னை பிளஸ் டூ:

நன்றி சார். நாளைக்கே சாரைப் பார்க்கிறேன். அந்த லென்ஸ் செய்முறை நிஜமாகவே நடந்தது, ஆனால் எனக்குக் குழியாடியில்தான் திணறல்.

எடிசன் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. ஏ.பி. தேர்வு முடிந்து மகள் வரலாறு ஆசிரியையிடம் கேட்டுவிட்டாள், அவளேதான், நான் காரில் காத்திருந்தேன். ஆசிரியை ஒத்துக்கொண்டது மட்டுமில்லை, அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுகட்டுமானக் காலம் பற்றி எழுதிய கட்டுரையின் பழைய வரைவுகள் எல்லாவற்றையும் கொண்டு வந்து தரச் சொன்னாராம். கெமிஸ்ட்ரி ஆசிரியர் ஏற்கெனவே ஒத்துக்கொண்ட கடிதங்களே அதிகம் என்று அன்பாகச் சொல்லிவிட்டார். இப்போது பிரீகால்குலஸ் கணக்கு ஆசிரியர் இருக்கிறார், பதினொன்றில்தான் நடத்தினார், ஆனால் ஏ.பி. வகுப்பு இல்லை, சாதாரண வகுப்பைவிடக் கொஞ்சம் கடினமான ஆனர்ஸ்தான். எம்.ஐ.டி.க்கு அது போதுமா? பெற்றோர் கேள்வித்தாளை நானும் கணவரும் சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம், அவர்தான் அதிகம் சொல்கிறார்.

டெக்சாஸ் கெமிஸ்ட்ரி வாத்தியார்:

போதும். கணக்கு அல்லது அறிவியல் ஆசிரியர் என்பதுதான் நிபந்தனை, ஏ.பி. என்று எங்கும் இல்லை. அவருக்கு இவளைத் தெரிந்திருந்தால் சரி. இந்த வாரமே கேட்கச் சொல்லுங்கள். பழைய வரைவுகளைக் கொடுக்கும்முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளட்டும், கட்டுரை எழுதும்போது அவளுக்கே தேவைப்படும்.